சொல்ல ஆளில்லாத கடை

மயிலாள் அக்கா என் கடைக்கு முதன்முதலில் வந்தது ரேஷன் கார்டிலிருந்து கணவர் பெயரை நீக்குவதற்காக. அருள்புரம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி நான் நடத்துவதற்கு ஜெராக்ஸ் கடை என்று பெயர். பட்டா, ஆதார், பி.எஃப்., கல்லூரி விண்ணப்பம் என்று எதைக் கொண்டுவந்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேரைத் திட்டித்தான் அனுப்புவேன். கடைசித் தேதியன்று மதியம் மூன்று மணிக்கு, பாதிக் காகிதத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து நிற்பார்கள். அக்கா இறப்புச் சான்று, அதன் நகல், பழைய கார்டு எல்லாவற்றையும் ஒரு பாலித்தீன் பையில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். இவ்வளவு ஒழுங்காக யாரும் வந்ததில்லை என்றேன். செக்கிங்கில் இருப்பவளுக்கு இதுகூட வராதா என்று கேட்டுவிட்டு, நான் அடித்த விண்ணப்பத்தில் ஒரு எண் தவறியிருந்ததையும் சுட்டிக்காட்டினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் பழக்கம் அன்றுதான் தொடங்கியது.

அவருக்குப் பொங்கலூர்ப் பக்கம் சொந்த ஊர். மழையை நம்பிய மானாவாரிக் காடு, மழை பொய்த்த வருஷங்கள். பதினாலு வயதில் பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டார். முதலில் கைமடி வேலை, அதாவது தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுப்பது. பிறகு பிசிறு வெட்டுவது. கண் கூர்மை என்று செக்கிங்குக்கு மாற்றினார்கள். சாயப்பட்டறையில் வேலை பார்த்த கணவர் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் வினிதாவைப் பல்லடத்தில் கட்டிக் கொடுத்தார். ஐம்பத்து நாலு வயதில் அவருக்கு என்று மிச்சமிருந்தது ஒரு லைன் வீடும், குழந்தைத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பட்டன் மேசையும்தான்.

பட்டன் மேசை என்றால் என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. குழந்தைத் துணிக்கு நூலில் தைக்கும் பட்டன் வைக்கமாட்டார்கள். அழுத்தினால் மூடிக்கொள்ளும் பிரஸ் பட்டன்தான். ஒரே தடவையில் தைத்து வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில பீஸ்களை எடுத்து, ஒரு சிறிய இயந்திரத்தில் பட்டனைக் கவ்வக் கொடுத்து, குறிப்பிட்ட வேகத்தில் இழுத்துப் பத்து நொடி பிடித்து வைக்க வேண்டும். கழன்று வந்தால் லாட் முழுவதும் ஃபெயில். முடிவை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அக்காவின் வேலை. பதினோரு வருஷம் அதைச் செய்தார். கையில் எடுக்கும் எல்லாவற்றையும் குழந்தைகள் வாயில்தான் வைக்கும், அதனால்தான் இவ்வளவு பாடு என்று என்னிடம் பாடம் நடத்துவார். என் கடைக்கு வரும் கைக்குழந்தைகளின் சட்டையைக்கூட விடமாட்டார். இரண்டு விரலால் பட்டனைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையைக் கொஞ்சுவார்.

ஃபெயில் ஆன துணி என்ன ஆகும்? இங்கேதான் திருப்பூர்க்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கடையில் புதுத்துணி வாங்கி வளர்ந்த குழந்தைகள் குறைவு. எல்லாம் செகண்ட்ஸ். சாயம் ஒரு இடத்தில் திட்டாக இருக்கும், தையல் கோணியிருக்கும், கம்பெனியில் கழித்திருப்பார்கள். அது கை மாறி வீட்டுக்கு வரும்போது குறையும் சேர்ந்தே வரும்: கழுத்து டைட், தோய்த்தால் சுருங்கும், பட்டனைப் பிடுங்கிவிட்டு நாடா வைத்துத் தை. விற்கிறவனும் சொல்லுவான், கொடுக்கிறவளும் சொல்லுவாள். குறையைச் சொல்லாமல் செகண்ட்ஸ் கொடுத்தவர்களை இந்த ஊர் மன்னிக்காது. நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

போன தை மாதம் மஞ்சள் துணியில் நீலக் குருவி அச்சடித்த ஒரு லாட் வந்தது. கையும் காலும் சேர்ந்த ராம்பர், கழுத்திலிருந்து தொடைவரை ஏழு பட்டன். துணி மெல்லியது, பட்டனுக்குப் பின்னால் கொடுக்க வேண்டிய பட்டித் துணியைத் தையலில் விட்டுவிட்டார்கள். பட்டனின் பல்லுக்குப் பிடி கிடைக்கவில்லை. அக்கா இழுத்த பீஸ் எல்லாம் கழன்றது. ஃபெயில் என்று எழுதினார். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் மறு பேச்சில்லாமல் லாட்டையே வேண்டாம் என்றுவிட்டான். அவனுடைய விதிப்படி இப்படிப்பட்ட துணியை மார்பில் குறுக்காகக் கத்தரி போட்டு வெட்டி, யாரும் உடுத்த முடியாதபடி செய்துதான் வெளியே அனுப்ப வேண்டும். புரொடக்ஷன் மேனேஜர் திருமூர்த்தி அந்த வேலையை அக்காவிடம் கொடுத்தார். அறுநூற்றுச் சொச்சம் பீஸ்.

அக்கா முதல் பீஸைக் கையில் எடுத்தாராம். புதுத்துணி, அதுவும் பச்சைக் குழந்தைக்குத் தைத்தது, பூ மாதிரி இருந்ததாம். அதன் நெஞ்சில் கத்தரி வைக்கக் கை வரவில்லை. வினிதாவுக்கு முன்னால் அவருக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அதன் சட்டையைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றினார்களாம். அதை அவர் எனக்குச் சொன்னது ரொம்ப நாள் கழித்து. அன்றைக்கு அவர் செய்தது இதுதான்: மார்பை வெட்டாமல், பையரின் பெயர் போட்ட கழுத்து லேபிளை மட்டும் சாய்வாக வெட்டி எடுத்தார். யார் கைக்குப் போனாலும் பட்டனைப் பிடுங்கிவிட்டு நாடா வைக்கச் சொல்லித்தானே கொடுப்பார்கள் என்று நினைத்தார். நோட்டில் ‘வெட்டியாச்சு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருமூர்த்தி மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே ஒரு வியாபாரிக்கு ஏற்றிவிட்டார்.

ஆடிப் பதினெட்டுக்கு வினிதா தாய்வீடு வந்திருந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். குழந்தை பிறப்பதற்கு முன்னால் துணி வாங்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்ததால், வாங்காமல் போனில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். இந்தியா பூராவும் எல்லாப் பொருளையும் விற்கும் ஒரு பெரிய ஆன்லைன் கம்பெனியின் ஆப். அதில் ஒரு படத்தைக் காட்டி, நம்ம ஊர்த் துணி மாதிரி இல்லையா என்று அம்மாவிடம் கேட்டாள். மஞ்சள் துணி, நீலக் குருவி. ‘பிரீமியம், குழந்தைகளுக்கு நூறு சதவீதம் பாதுகாப்பானது’ என்று தலைப்பு. நாலேகால் நட்சத்திரம்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழே இருந்த கருத்துகளை எல்லாம் படிக்கச் சொன்னார். துணி சாஃப்ட், கலர் சூப்பர், சீக்கிரம் வந்தது. வினிதா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். வெகு தூரம் போன பிறகு தமிழில் ஒரு கருத்து இருந்தது. ஒற்றை நட்சத்திரம். நம் ஆட்கள் மனு எழுதுகிற மாதிரியே பெயரும் ஊரும் போட்டு எழுதியிருந்தார் அந்த மனிதர். ‘இந்தத் துணியின் பட்டன் கழன்று எங்கள் பாப்பாவின் தொண்டையில் சிக்கியது. தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள். இப்படிக்கு இளங்குமரன், அமராவதி நகர்.’

பாப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அதில் இல்லை. அக்கா அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னபோது நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஊரில் எவனோ விற்கிறான், எவனோ வாங்குகிறான், உங்களுக்கு எதற்கு வம்பு, வேலையைப் பாருங்கள் என்றேன். அக்கா எழுந்து போகவில்லை. அந்தத் துணியை அங்கிருந்து எடுக்க வைக்க வேண்டும், அதற்கு என்ன எழுத வேண்டுமோ எழுது என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எழுத இடமில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புகார் கொடுக்க வேண்டுமானால் முதலில் அந்தப் பொருளை வாங்கியிருக்க வேண்டுமாம். சரி என்று வினிதாவின் போனிலேயே ஒன்று வாங்கினோம். நாலாம் நாள் வந்தது. அக்கா கழுத்துப் பக்கம் பார்த்தார். சாய்வாக வெட்டிய லேபிளின் மிச்சம் நூல்போல நின்றது. பட்டனை இரண்டு விரலில் பிடித்து இழுத்தார். துணியோடு பிய்ந்து என் மேசைமேல் விழுந்தது.

புகார்ப் பகுதியில் வரிசையாகக் கட்டம் வைத்திருந்தார்கள். அளவு சரியில்லை, நிறம் வேறு, தாமதமாக வந்தது, இப்போது தேவைப்படவில்லை. குழந்தை செத்துப்போகும் என்பதற்குக் கட்டம் இல்லை. ‘பொருளில் குறை’ என்பதைத் தொட்டு, நடந்ததைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். அரை நிமிஷத்தில் பதில் வந்தது: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், பணம் திருப்பித் தரப்படும், புகார் முடிக்கப்பட்டது. பணத்தைக் கேட்டது யார்? மறுபடி ஒன்று வாங்கி மறுபடி எழுதினோம். அதே வருத்தம், அதே பணம். மூன்றாவது தடவை எழுதியபோது, உங்கள் கணக்கில் வழக்கத்துக்கு மாறாகப் பல முறை பணம் திருப்பித் தரப்பட்டுள்ளது என்று சொல்லி வினிதாவின் கணக்கையே முடக்கிவிட்டார்கள். அதற்குள் இளங்குமரனின் கருத்தும் காணாமல் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். கடன் முடியாத கம்ப்யூட்டர் என்பதால் விட்டேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. இப்படிப்பட்ட கம்பெனிகள் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயரை எல்லோருக்கும் தெரியும்படி போட வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்களும் போட்டிருந்தார்கள், எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு எழுத்தில். மெயில் அனுப்பினேன். நாற்பது மணி நேரத்தில் வந்து சேர்ந்தது என்று பதில் போட்டார்கள். எட்டாம் நாள் தீர்த்தும்விட்டார்கள்: பணம் திருப்பித் தரப்பட்டதால் புகார் முடிக்கப்பட்டது. மேசையில் கிடந்த பட்டனைப் பார்த்துக்கொண்டே அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். விற்பவனுடைய முகவரி என்று போட்டிருந்த இடத்தில் வேறு மாநிலத்தில் ஒரு கதவு எண் இருந்தது, போன் நம்பர் எடுக்கவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டோம். பேசிய பெண் பொறுமையாகக் கேட்டாள். இது பணம் திரும்ப வாங்கும் விவகாரம் இல்லை, பாதுகாப்பில்லாத பொருளைப் பற்றிய விவகாரம், இதைக் கலெக்டரிடமே எழுத்தில் கொடுக்கலாம், அவர் விசாரித்து மேலே அனுப்புவார், விற்பனையை நிறுத்தவும் விற்றதைத் திரும்பப் பெறவும் ஆணையிட மேலே அதிகாரம் உண்டு என்றாள். பட்டன் நிற்காது என்பதற்குச் சோதனை ஆதாரமும், பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலமும் இருந்தால் மனு நிற்கும் என்றாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சோதனை ஆதாரம் இருந்தது. கம்பெனியின் பட்டன் நோட்டு. அதே பக்கத்தில்தான் ‘வெட்டியாச்சு’ என்ற பொய்யும், கீழே மயிலாள் என்ற கையெழுத்தும் இருந்தன. அக்கா அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வந்து என்னிடம் நீட்டியபோதுதான் முழுக் கதையையும் சொன்னார், அந்த ஆண் குழந்தையையும் சேர்த்து. இதைக் கொடுத்தால் வேலை போய்விடும், கேஸும் வரலாம் என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அதெல்லாம் அப்பறம் பாக்கலாம் அம்மிணி. மொதல்ல அந்தப் பாப்பா என்னாச்சுன்னு தெரியோணும். என்ற கண்ணுல பாக்காம எனக்குச் சோறு எறங்காது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உடுமலை போய் அங்கிருந்து அமராவதி நகர் பஸ் ஏறி, பெயரைச் சொல்லி விசாரித்துப் போனோம். அணை மதிற்சுவர் தெரிகிற தூரத்தில் தென்னந்தோப்பு, நாலு மாடு, ஓட்டு வீடு. இளங்குமரனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவர், துணியைப் பற்றி என்று நான் வாய் திறந்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம்.

“கம்பெனியிலிருந்து வர்றீங்களா? வாங்க, உக்காருங்க. ஒருத்தராச்சும் வருவீங்கன்னு தெரியுமுங்க.”

அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. கருத்துப் போட்ட நாளிலிருந்து அந்த மனிதர் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்திருக்கிறார். அக்கா உட்காரவில்லை. கம்பெனியிலிருந்துதான், ஆனால் நீங்கள் நினைக்கிற கம்பெனி இல்லை என்றார். பாப்பா எங்கே என்று கேட்டார். அவர் கையைக் காட்டினார். வீட்டுக்குள் சுவரில் ஒரு படம், மாலையோடு.

பெயர் தரணி. எட்டு மாதம். வைகாசியில் ஒரு காலை, அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது பாயில் உட்கார்ந்திருந்த குழந்தை திடீரென்று சத்தமில்லாமல் நீலம் பாரித்திருக்கிறது. என்ன விழுங்கியது என்று தெரியவில்லை, முதுகில் தட்டியிருக்கிறார்கள், விரலை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பைக்கில் உடுமலைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பட்டன் என்று டாக்டர்தான் எடுத்துக் காட்டினார். பத்தாம் நாள் அவர் முதலில் எழுதிய கருத்தில் குழந்தை இறந்துபோனது என்று எழுதியிருந்தார். எங்கள் சமூக நெறிமுறைக்கு உட்படவில்லை என்று அந்த ஆன்லைன் கம்பெனி அதை நீக்கியது. இறந்தது என்ற வார்த்தையை எடுத்துவிட்டு மறுபடி எழுதினார். அதைத்தான் வினிதா படித்தாள். பிறகு அதையும் நீக்கிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட இன்னொன்றைத்தான் அவர் சொல்ல முடியாமல் சொன்னார். துணி வாங்கியபோது குழந்தையின் மாதத்தைக் கேட்டிருக்கிறது அந்த ஆப். இவர் பெயரில் இருந்த கணக்கில் இவர் மனைவி சந்தோஷமாக நிரப்பியிருக்கிறாள். அது மறக்கவில்லை. ஒன்பதாம் மாதம் நடைவண்டி காட்டியது, பத்தாம் மாதம் கொலுசு வைத்த செருப்பு. உங்கள் செல்லத்துக்கு முதல் பிறந்தநாள் நெருங்குகிறது என்று ஒரு நாள் காலையில் மணியடித்துக்கொண்டு ஒரு அறிவிப்பு வந்தபோது, மனைவி தன் போனைக் கல்லில் அடித்து உடைத்துவிட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் திரும்பவில்லை.

அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நோட்டு, கத்தரி, லேபிள், ‘வெட்டியாச்சு’. ஒன்றையும் பூசி மெழுகவில்லை. நான் குறுக்கே புகுந்து ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன், கையைப் பிடித்து நிறுத்தினார். இளங்குமரன் கடைசிவரை கேட்டார். முகத்தில் இருந்த வெளிச்சம் எப்போது அணைந்தது என்று நான் கவனிக்கவில்லை. எழுந்து தோப்புக்குள் நடந்தார், கொஞ்ச தூரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். போயிட்டு வாங்க என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்த பஸ்ஸில் அக்கா ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு வந்தார். பல்லடம் வரைக்கும் நிமிரவில்லை.

நாலாம் நாள் காலை என் கடை முன்னால் ஒரு பைக் நின்றது. இளங்குமரன். ஆஸ்பத்திரிக் காகிதம், நீக்கப்பட்ட கருத்துகளின் படம், ஆர்டர் சீட்டு எல்லாம் ஒரு மஞ்சள் பையில். அக்காவும் அந்த நேரம் ஷிப்டுக்குப் போகும் வழியில் கடையில் இருந்தார். அவர் அக்கா முகத்தைப் பார்க்காமல், மனுவில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். போட்டுவிட்டு வெளியே போனவர் படியில் நின்றார்.

“உங்களுக்காக வரலீங்க. இன்னும் அது விக்குதுன்னு தெரிஞ்சுது, அதனால வந்தனுங்க.”

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்று மனுவைக் கொடுத்தோம். வாங்கிய அதிகாரி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு உட்காரச் சொன்னார். முழுதும் படித்தார். நோட்டின் படத்தைக் காட்டி, இதைச் சேர்த்தால் குற்றம் உங்கள் மேலும் வருமே, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அக்கா. கிழிந்த துணியையும் பட்டனையும் ஒரு கவரில் போட்டுச் சீல் வைத்தார்கள்.

விசாரணைக் கடிதம் பனியன் கம்பெனிக்குப் போன மறுநாளே அக்காவை வாசலில் நிறுத்திவிட்டார்கள். நாற்பது வருஷப் பனியன் வேலை ஒரு வாட்ச்மேன் வாயால் முடிந்தது. திருமூர்த்தி எல்லாப் பழியையும் அக்கா தலையில் கட்டி எழுதிக் கொடுத்தார். வெட்டியிருக்கிறார்களா என்று ஒரு மூட்டையைக்கூடப் பிரித்துப் பார்க்காத மனிதர். ஊரும் சும்மா இருக்கவில்லை; இப்படிக் காட்டிக்கொடுத்தால் ஆர்டர் வருமா, நாலு பேர் பிழைப்பு என்னாவது என்று என் கடை வாசலிலேயே பேசினார்கள். நானும் பதிலுக்குப் பேசினேன். எழுதத் தகுந்த வார்த்தைகள் இல்லை. அக்கா சரிதானே என்பது மாதிரித் தலையை மட்டும் ஆட்டினார்.

தாமதமானாலும் மனு மேலே போய் வேலை செய்தது, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெரிய கம்பெனியை இருபது நாளுக்குள் பதில் சொல்ல வைத்தார்கள். பதிலின் நகல் எங்களுக்கும் வந்தது, வழவழப்பான ஆங்கிலத்தில். நாங்கள் இடம் கொடுப்பவர்கள் மட்டுமே, விற்பவர் வேறு என்று முதல் பக்கம் முழுவதும் எழுதியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில், கேட்டதால் சொல்ல வேண்டிவந்த ஒரு பட்டியல் இருந்தது. இந்தத் துணியின் பட்டன் கழன்றதாக அவர்களுக்கு வந்த புகார்கள் பதினொன்று. எல்லாவற்றுக்கும் எதிரே ‘பணம் தரப்பட்டது, முடிக்கப்பட்டது’. முதல் புகாரின் தேதி பங்குனியில். தரணி இறந்தது வைகாசியில்.

தேதிகளை நான் தமிழில் சொன்னதும் அக்கா விரல் விட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார். அவருடைய தப்பை இது குறைக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தாளை மேசையில் ஓங்கி வைத்தேன். சந்தையில் குழந்தைத் துணி விற்கிறவனிடம் ஒரே ஒரு தாய் வந்து பட்டன் கழன்றது என்று சண்டை போட்டிருந்தால் போதும், பக்கத்துக் கடைக்காரனுக்கெல்லாம் தெரிந்திருக்கும், சாயங்காலத்துக்குள் அந்த மூட்டை உள்ளே போயிருக்கும். இங்கே பதினோரு பேர் தனித்தனியாகச் சொல்லியும், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமல் பணத்தைக் கொடுத்து வாயை அடைத்துவிட்டார்கள்.

புரட்டாசியில் ஆணை வந்தது. துணி எந்தப் பெயரில் விற்றாலும் நீக்க வேண்டும், வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஆபத்து என்ன என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அவரவர் மொழியில். என் போனில் அந்த ஆப்பைப் போட்டுத் தேடிப் பார்த்தோம், மஞ்சள் துணி எங்கும் இல்லை. நான் ஓடிப்போய்ப் பக்கத்து பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வந்தேன். அக்கா ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்துக்கொண்டார், எனக்காக.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. அமராவதி நகரிலிருந்து இளங்குமரன். படியில் நின்று பேசிவிட்டுப் போன பிறகு அந்த மனிதர் கூப்பிட்டதே இல்லை. அக்கா ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். பின்னால் மாடு கத்துகிற சத்தம் கேட்டது. அவர், ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, படிக்கட்டுமா என்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

“‘மதிப்புக்குரிய இளங்குமரன் அவர்களே, நீங்கள் வாங்கிய மஞ்சள் நிறக் குழந்தை உடையின் பட்டன் கழன்று குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடும். இந்த உடையைக் குழந்தைக்கு உடனே போடுவதை நிறுத்துங்கள்.’ அப்பறம் கீழ என்ற அட்ரஸ் போட்டிருக்குதுங்க. கதவு நம்பரு, தோப்புப் பேரு, பக்கத்துல மாரியம்மன் கோயில்னு தரணியோட அம்மா சொல்லிப் போட்டது, எல்லாஞ் சரியா இருக்குதுங்க. நாங்க எங்க இருக்கறமுன்னு அவங்களுக்கு மொதல்ல இருந்தே தெரிஞ்சிருக்குதுங்கக்கா.”

அக்கா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மயிலாள் அக்கா வாயில் இருந்த பன்னை விழுங்க முடியாமல் கையில் துப்பிவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை. போனை வைத்துவிடட்டுமா என்று நான் மெல்லக் கேட்டேன். வேண்டாம், அவங்க அழட்டும், நான் இருக்கிறேன் என்றார் அந்தப் பக்கத்திலிருந்து இளங்குமரன்.